காணொளியின் கடைசியில் கேட்கும் குரல்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு,

உங்களுக்கு நடத்தப்பட்ட அறிமுகப் பயிற்சியில், கோபத்தோடு வரும் பெற்றோரை நிதானம் தவறாமல் எதிர்கொள்வது எப்படி என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒரு காணொளியைக் காட்டினார்கள் என்று அறிந்தேன். ஒரு தலைமையாசிரியரின் அறை. காக்கிச் சட்டை அணிந்த ஒருவர், தம் முகமும் தலைமையாசிரியரின் முகமும் ஒருசேரத் தெரியும்படி கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உரக்கப் பேசுகிறார். தலைமையாசிரியர் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி அணிந்துகொண்டு, நான்கு வாக்கியங்களில் பதில் சொல்கிறார். காக்கிச் சட்டைக்காரர் வாயடைத்துப் போகிறார். பதற்றமின்மைக்கும் சொற்சிக்கனத்துக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது என்று பயிற்றுநர் சொன்னாராம்.

அந்தத் தலைமையாசிரியர் நான்.

காட்சி முடியும் தறுவாயில், திரைக்கு வெளியே எங்கிருந்தோ ஒரு பெண்குரல் "சார்..." என்கிறது. அந்தச் சொல்லோடு வெட்டியிருக்கிறார்கள். உங்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தீர்களோ தெரியாது. கவனித்திருந்தாலும், அறைக்குள் யாரோ வந்தார்கள் என்று விட்டிருப்பீர்கள்.

அந்தக் குரலுக்கு உரியவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் பெயரையும் அவளுடைய தந்தையின் பெயரையும் எழுத மாட்டேன். பெயரைக் கொண்டு தேடினால் காணொளியின் முழு வடிவம் இன்றும் கிடைக்கும். இதைத் தாளில் அச்சிட்டு, அந்தப் பயிற்சியில் இருந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து இதைப் படமெடுத்து எந்தக் குழுவிலும் போடாதீர்கள். அவள் எனக்கு விதித்த நிபந்தனை அது.

ஆவடியை ஒட்டிய ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் நான் பணியாற்றினேன். பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கத்துத் தெருக்களிலிருந்து நடந்து வருவார்கள். மீதிப் பேர் புதிய அடுக்ககங்களிலிருந்து வேன்களில் வருவார்கள். காகிதப் பதிவேடு இருந்த காலத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை வரவில்லையென்றால் வகுப்பாசிரியர் அந்தக் கட்டத்தில் உடனே எதையும் எழுதிவிட மாட்டார். பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். மதியத்துக்குள் விசாரித்துவிட்டுத்தான் அந்தப் புள்ளி வேறொன்றாக மாறும். தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் வீட்டில் நிற்க நேர்ந்தவள், அம்மா அடிபட்டுக் கிடப்பதை வெளியில் சொல்லக் கூசுபவன், கட்டணம் கட்டாததால் வாசலில் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிப் போனவன் எல்லாரும் அரைநாள் அந்தப் புள்ளியின் நிழலில் இருந்தார்கள். யாருக்குத் தகவல் சொல்வது, அப்பாவுக்கா அம்மாவுக்கா, எந்தச் சொற்களில் சொல்வது என்று யோசிக்க ஆசிரியருக்கு அவகாசம் இருந்தது.

என் பணியின் கடைசி ஆண்டில், அந்தப் புள்ளியை நான்தான் ஒழித்தேன். வருகைப் பதிவுக்கு ஒரு செயலியைக் கொண்டுவந்தோம். வந்தார், வரவில்லை என்று இரண்டு பொத்தான்கள். 'வரவில்லை' என்பதை அழுத்தினால், முதல் பாடவேளை முடிவதற்குள் தந்தையின் கைப்பேசிக்குச் செய்தி போய்விடும். பள்ளி வேலையாக வெளியே போகும் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒரு பதிவு உண்டு. அதை என் கடவுச்சொல்லைக் கொண்டு நான் மட்டுமே செய்ய முடியும். பெற்றோர் கூட்டத்தில் நானே மேடையேறி அதை விளக்கினேன். "இனி உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே மறைவு என்று எதுவும் இல்லை" என்றேன். கைதட்டினார்கள்.

இரண்டாம் வாரத்திலேயே ஒரு தாய், கை நிறைய மாவோடு பள்ளிக்கு ஓடிவந்தார். மகன் வரவில்லையென்று கணவருக்குச் செய்தி போய், அவர் அலுவலகத்திலிருந்து மனைவியிடம் கத்தியிருக்கிறார். பையன் கழிவறைக்குப் போயிருந்தான். "இன்னா சார், ஒண்ணுக்குப் போனாக்கூட ஊட்டுக்குத் தந்தி அடிப்பீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டபோது அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று யோசித்திருக்க வேண்டும்.

அந்தக் குரலுக்கு உரியவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கைப்பந்து ஆடுவாள். அவளுடைய தந்தை ஆவடி, பூந்தமல்லி வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வீடு சேக்காட்டில். தாய் பூந்தமல்லியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். ஒருநாள் மாலை அந்தத் தாய் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மறுநாள் சென்னையில் ஒரு விளையாட்டு விடுதிக்கான தேர்வு. தேர்வானால் தங்கும் இடம், உணவு, பயிற்சி, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தந்தைக்கு மகள் ஆடுவதில் விருப்பமில்லை.

"அவரு வேணான்னுதான் சார் சொல்லுவாரு. மொத ரவுண்டு தேறிட்டா நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க கண்டுக்காம இருந்தா போதும்" என்றார்.

எழுத்தில் எதுவும் வாங்காமல் நான் சம்மதித்தேன். அது விதிமீறல் என்று எனக்குத் தெரியும். ஆயினும் அந்தச் சம்மதத்துக்காக நான் வெட்கப்படவில்லை. அவளை அழைத்து, "முடிந்ததும் நேரே பள்ளிக்கு வந்துவிடு. மாலையில் அப்பா கூட்டிப்போக வரும்போது நீ உள்ளே இருக்க வேண்டும். பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். முன்பு எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண் துணைக்குப் போவதாக ஏற்பாடு.

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். பள்ளியில் நடப்பதை அவளிடம் சொல்லாமல் நான் ஒருநாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அப்போதே அவளுக்கு உடல்நிலை சரியில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "ஷூ இருக்கா அந்தப் பொண்ணுக்கு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "கேட்டிருக்கலாம் நீங்க" என்றாள்.

மறுநாள் காலை நான் பதிவு செய்ய மறந்துபோனேன். தாளாளர் வந்திருந்தார், வேறு வேலைகள். இப்படிச் சொல்வது விளக்கமாகுமே தவிர வேறொன்றும் ஆகாது. அவள் வகுப்பில் அன்று வேறோர் ஆசிரியை. அவர் தம் முன்னால் இருந்த இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்தினார். அவர்மீது தவறே இல்லை.

மதிய இடைவேளைக்குச் சற்று முன்பு தந்தை என் அறைக்குள் வந்தார். கைப்பேசியை முன்பே உயர்த்தியிருந்தார். நேரலை.

"இன்னா சார் நடக்குது இங்க? காலைல நான்தான் ஆட்டோல கொண்ணாந்து கேட்டாண்ட எறக்கி உட்டேன். சவாரில கீறேன், பொண்ணு வர்லன்னு மெசேஜ் வருது. கேட்டுக்கும் கிளாசுக்கும் நடுவுல காணாப் பூட்டாளா எம் பொண்ணு?"

"உட்காருங்க, பேசலாம்."

"உக்கார்றதுக்கு வர்ல. மக்களே, பாத்துக்குங்க. பீஸ் கேக்கறப்போ நிக்க வெச்சிக் கேப்பாங்க. புள்ள எங்கன்னு கேட்டா உக்காருன்றாரு!"

நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: உங்கள் மகள் என் அனுமதியோடு போயிருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள். அந்த வாக்கியம் வாய்வரை வந்தது. அப்போது நான் திரையைப் பார்த்தேன். அவர் தம் முகமும் தெரியும்படி கைப்பேசியைப் பிடித்திருந்ததால், என் முகம் எனக்கே தெரிந்தது. நெற்றியில் வியர்வை. கண்ணாடி சற்றுச் சரிந்திருந்தது. முகத்தின்மேல் இதயமும் கட்டைவிரலுமாகச் சின்னச் சின்ன அடையாளங்கள் மிதந்து மேலேறிக்கொண்டிருந்தன. யார் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு மாணவியை வெளியே அனுப்பிய தலைமையாசிரியர் என்ற செய்தி மாலைக்குள் எங்கெல்லாம் போகும் என்று தோன்றியது. ஓய்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பயிற்சியில் அதை நிதானத்தின் அடையாளமாகக் காட்டினார்களாம். பொய்யைக் கோப்பதற்கு எனக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது.

"உங்கள் மகள் வகுப்புக்கு வரவில்லை என்பதை முதல் பாடவேளை முடிவதற்குள் பள்ளி உங்களுக்குத் தெரிவித்துவிட்டது. அவளுக்கு நான் எந்த அனுமதியும் தரவில்லை. அவள் எங்கே போனாள் என்பதும் எனக்குத் தெரியாது. வாசல்வரை கொண்டுவந்து விடுவதோடு தம் பொறுப்பு முடிந்துவிட்டதாகப் பெற்றோர் நினைக்கக் கூடாது."

அந்தத் தந்தையை நோக்கி நான் பேசவில்லை. திரையில் தெரிந்த என் முகத்தை நோக்கியே பேசினேன். அது மேலும் மேலும் அமைதியாகிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். நான் சொல்லியிருந்தபடியே நேரே பள்ளிக்கு, நேரே என் அறைக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் தந்தை நிற்பது அவளுக்குத் தெரியாது. முதல் சுற்றில் தேறியிருந்தாள். அதை என்னிடம் சொல்லத்தான் ஓடிவந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டு உள்ளே வந்தவள், "சார்..." என்றாள்.

உங்களுக்குக் காட்டப்பட்டது அதுவரைதான். மிச்சத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தந்தை கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினார். "எங்கடி போன?"

அவள் கைப்பேசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "செலக்சனுக்குப்பா. சார்கிட்ட கேட்டுட்டுத்தான் போனேன். சார், நீங்களே சொல்லுங்க சார்."

கைப்பேசி மறுபடி என் பக்கம் திரும்பியது.

"நான் உன்னை எங்கும் அனுப்பவில்லை" என்றேன்.

முதலில் சொன்னதை அச்சத்தின் கணக்கில் எழுதிவிடலாம். இரண்டாவது, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஆசிரியர் பொய் சொல்வார் என்று நினைத்துப் பழகாத பிள்ளை. தான்தான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டோமோ என்பதுபோல் நின்றாள். தந்தை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் நடந்த இரண்டாம் சுற்றுக்கு அவள் போகவில்லை. தாய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். மகளுக்காகப் பேசுகிறாள் என்று தந்தை நம்ப மறுத்துவிட்டார். நம்பாததற்கு அவர் கையில் ஆதாரம் இருந்தது. ஆதாரம் நான்.

அந்தத் தந்தை போட்ட காணொளி அவருக்கே எதிராகத் திரும்பியது. யாரோ அதை வெட்டி, தலைப்பிட்டு, பரப்பினார்கள். 'கெத்து காட்டிய தலைமையாசிரியர்' என்றார்கள். முழுக் காணொளியின் கீழே அந்தப் பெண்ணைப் பற்றி எழுதப்பட்டவற்றை நான் இங்கே எழுத மாட்டேன். அம்பத்தூரில் எங்கள் அடுக்ககத்தில், மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பெண், கைப்பேசியோடு வந்து, "ஆன்ட்டி, அங்கிள் வைரல்! எங்க ஆபீஸ் குரூப்ல கூட வந்துடுச்சு" என்று என் மனைவியிடம் கொடுத்தாள். அது முழு வடிவம்; அதில் அந்தப் பெண் தலைமுதல் கால்வரை தெரிவாள்.

என் மனைவி சாய்வு நாற்காலியில் இருந்தபடி அதைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். எதிர்வீட்டுப் பெண் போன பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஷூ கிடைச்சிருக்கு அவளுக்கு."

நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. இரவு உணவின்போது பள்ளி விஷயங்களைச் சொல்வதை நான் நிறுத்திக்கொண்டேன். அவளும் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். நான் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் அந்தக் காணொளியைத் திரையிட்டார்கள். அவள் அந்த விழாவுக்கு வரவில்லை. உடல்நிலையைக் காரணம் சொன்னாள். அது உண்மையாகவும் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவள் காலமானாள். நான் அவளிடம் சொல்லாமல் விட்ட பதில் அப்படியே என்னிடம் தங்கிவிட்டது.

இப்படியே இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சில வாரங்களுக்கு முன்பு பழைய சக ஆசிரியர் ஒருவர் மகிழ்ச்சியோடு அழைத்து, "சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு உங்க வீடியோவைத்தான் பாடமா நடத்தினாங்க" என்றார். என் பொய் எனக்குப் பின்னும் பணியில் நீடிக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பூந்தமல்லிக்குப் போய், துணிக்கடையில் அந்தத் தாயைக் கண்டேன். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த புடவையை மடித்து முடித்தார். பிறகு, மகள் திருமழிசையில் ஒரு தொழிற்கூடத்தில் பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். "ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல நிப்பா. பாக்கணும்னா பாருங்க. ஊட்டாண்ட மட்டும் வந்துடாதீங்க சார்."

நெடுஞ்சாலை ஓர நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்த முதல் அசைவு, கைகளைக் கூப்பி வணக்கம் சொல்வதாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"சார்? இன்னா சார் இங்க?"

பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "என் வாய்ஸ் வருதா சார் அதுல?"

"வருகிறது. 'சார்' என்று மட்டும்."

"அவ்ளோதான் வெச்சாங்களா" என்று சிரித்தாள்.

அப்போது அவள் கைப்பேசி ஒலித்தது. அருகில் நின்ற எனக்குத் தந்தையின் குரல் தெளிவாகவே கேட்டது. "இன்னா, அங்கியே நிக்கிற?" அவள் இருக்குமிடம் அவருடைய கைப்பேசி வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி அவர் வைத்திருக்கிறாராம். புள்ளி நகரவில்லையென்றால் அழைப்பு வரும்.

"பஸ் வர்லப்பா" என்றாள். நாங்கள் பேசத் தொடங்கிய பிறகு இரண்டு பேருந்துகள் வந்து போயிருந்தன. அன்று பொய் சொல்லாமலே பொய்க்காரி ஆனவள், இன்று என்னால் பொய் சொன்னாள்.

நடந்ததை நடந்தபடி சொல்லி நானே ஒரு காணொளி வெளியிடுகிறேன் என்றேன். அதை எழுதிக்கூட எடுத்துப் போயிருந்தேன். அவள் பதறிப்போனாள்.

"ஐயோ, வேணாம் சார். நீங்க ஒண்ணு போட்டீங்கன்னா, பழசு எங்கன்னு தேடிக்கினு வருவானுங்க. கம்பெனில இப்பத்தான் சார் யாருக்கும் தெரியாம கீறேன். அந்தக் கமெண்ட்லாம் இன்னொரு தபா என்னால படிக்க முடியாது."

நான் கொண்டுபோன பரிகாரமும் என் முகத்துக்கானதாகவே இருந்தது என்பதை அவள் சொல்லித்தான் உணர்ந்தேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"எங்கப்பாகிட்ட சொல்லுங்க. நேர்ல. நான் பொய் சொல்லலன்னு." பிறகு, "ஜூன்ல காலேஜ் சேரணும் சார். பி.டி. டீச்சருக்குப் படிக்கணும். கேட்டா, 'சாரே கேமரா முன்னால சொல்லிட்டாரு, உன்னை நம்பி எங்க அனுப்புறது'ன்றாரு. வேற எதுவும் வேணாம்" என்றாள்.

அந்தக் காணொளியைப் பார்த்த ஆசிரியர்களிடமும் சொல்லலாமா என்று கேட்டேன். "டீச்சருங்களுக்குச் சொல்லுங்க. போன்ல போடாம சொல்லுங்க." பேருந்து வந்தது, ஏறிக்கொண்டாள்.

மறுநாள் முற்பகல் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் போனேன். ஓட்டுநர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒரு வண்டியில் ஆட்கள் ஏறி, நிறைவதற்காகக் காத்திருந்தார்கள். என்னை முதலில் அடையாளம் கண்டவர் ஓர் இளைஞர். "அண்ணாத்தே, இங்க பாரு! உன்னை வெச்சி ஹீரோ ஆன சாரு வந்துகீறாரு." சிரிப்பு எழுந்தது. இத்தனை காலமும் அந்தத் தந்தை இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் வண்டி ஓட்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருகே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். "உங்கள் மகள் அன்று பொய் சொல்லவில்லை. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனாள். நான்தான் பொய் சொன்னேன்."

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை இருக்கையில் போட்டார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். அன்றுபோலவே, இருவர் முகமும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"சொல்லு சார். இப்போ சொல்லு."

திரையில் என் முகம் மறுபடி தெரிந்தது. இம்முறை அதிலிருந்து கண்ணை விலக்கி அவரைப் பார்த்தேன்.

"இதில் வேண்டாம். அவள் கேட்டுக்கொண்டது அது."

"அவளைப் பாத்தியா நீ?"

"பார்த்தேன். நான்தான் தேடிப் போய் நிறுத்திப் பேசினேன்."

"கேமரா முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணா சார் உனக்கு?" அவர் குரல் உயரவில்லை, அதுதான் கடினமாக இருந்தது. "அன்னிக்கு ஊரே பாத்துச்சே. எம் பொண்டாட்டி சொன்னா, நம்பல. எம் பொண்ணு கால்ல உழுந்து சொன்னா, நம்பல. படிச்ச மனுசன் நீ சொன்ன, நம்பினேன். இப்போ எங்காதுல மட்டும் ஓதிட்டு, பஸ் புடிச்சிப் பூடலாம்னு வந்தியா?"

அவர் கேட்டது நியாயம். மகள் கேட்டதும் நியாயம். ஊரறியச் சொல்லவும் வேண்டும். கைப்பேசியில் ஏறவும் கூடாது. அந்த இடத்தில் எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. திரும்பி, மற்ற ஓட்டுநர்களையும் வண்டியில் இருந்தவர்களையும் நோக்கி நின்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையின் கடைசி இருக்கைவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரலில், எல்லாவற்றையும் சொன்னேன். தாய் வந்து கேட்டது, நான் சம்மதித்தது, பதிவு செய்ய மறந்தது, இந்த மனிதரிடமும் இவருடைய மகளிடமும் இரண்டு முறை பொய் சொன்னது. என் வேலைக்காகவும் பெயருக்காகவும் சொன்னேன் என்பதையும் விடவில்லை. வண்டியில் இருந்த ஓர் அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

முடித்ததும் அந்த இளைஞர் அவசரமாகப் பையைத் துழாவினார். "சார், சார், இன்னொரு தபா அப்டியே சொல்லு சார். மிஸ் பண்ட்டேன். செமயா கீது."

"டேய்" என்றார் அந்தத் தந்தை. "போனை உள்ள வை."

இளைஞர் உள்ளே வைத்தார். தந்தையின் கைப்பேசி எப்போது சட்டைப் பைக்குள் போனது என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் என்னிடம் மன்னிப்பு எதையும் தரவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. துணியை எடுத்து மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். "போ சார். சவாரி கீது" என்றார்.

நண்பர்களே, உங்கள் பணிக்காலம் முழுவதும் யாராவது ஒருவர் உங்களை நோக்கிக் கைப்பேசியை உயர்த்திக்கொண்டிருப்பார். என் காலத்தில் அது புதிது. உங்களுக்கு அது அன்றாடம். அப்போது குரலைத் தாழ்த்துங்கள் என்றோ, கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை. திரையைப் பார்க்காதீர்கள்; அதைப் பிடித்திருப்பவரைப் பாருங்கள். பெரும்பாலும் அவர் பயந்துபோயிருப்பார். அந்தத் தந்தை அன்று பயந்துபோயிருந்தார். முழுக் காணொளியில் அது தெரிகிறது. பள்ளி வாசலில் தம் கையால் இறக்கிவிட்ட மகளைக் காணவில்லை என்று வந்தவர் அவர். அந்த முகம் எனக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் இருந்தது. நான் பார்க்கவில்லை.

செயலியைப் பயன்படுத்த மாட்டேன் என்று நீங்கள் சொல்ல முடியாது. ஆனால் 'வரவில்லை' என்பதை அழுத்துவதற்கு முன், விசாரிக்க ஒரே ஓர் அழைப்புக்கு நேரம் கேளுங்கள். தர மறுத்தால், அதை எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

சென்ற வாரம் அந்தத் தாய் அழைத்தார். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தை கையெழுத்துப் போட்டுவிட்டாராம். "ஒண்ணும் பேசல சார். பேனாவை எடுத்தாரு, போட்டாரு." நீலப் புள்ளி இன்னும் இருக்கிறதாம். அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையாம். கேட்கிற காலம் வரும் என்றார்.

கைப்பேசியை வைக்கப் போனவர், "சரி சார், வேற ஒண்ணும் இல்லையே?" என்றார்.

இந்தச் செய்தியை அன்று இரவு உணவின்போது நான் யாரிடம் சொல்லியிருப்பேனோ, அவள் இருந்திருந்தால் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். ஒருமுறை அதைக் கேட்காமல் வந்தேன்.

"ஷூ இருக்காம்மா அவளுக்கு?" என்று கேட்டேன்.